பழைய இரும்பு அச்சில வீச்சுவலைக்கு ஈயமணி வார்க்கிறது: மணி சுருங்குது, பாதியில நிக்குது

குளக்கட்டு (முத்தையன்கட்டு) கேட்டது:

வணக்கம் அண்ணைமார். வீட்டுப் பெட்டியில ஒரு பழைய இரும்பு அச்சு கிடக்கு. ரெண்டு பாதி, ஒரு பக்கம் பிணைச்சல், மற்றப் பக்கம் நீளக் கைபிடி. ஒரே வார்ப்பில ஆறு மணி வரும். மணி 20 மில்லிமீற்றர் நீளம், 8 மில்லிமீற்றர் விட்டம். நடுவில அடிக்கயிறு போக ஓட்டை விழுறதுக்குக் கம்பி வைக்கிற தவாளிப்பு இருக்கு, கம்பிதான் இல்லை. உள்ளுக்கு கறள்.

கறளைத் துடைச்சுப்போட்டு வார்த்துப் பாத்தால் மணியில தோல் சுருங்கினமாதிரி வரி வரியா வருது. சிலது பாதியில நிக்குது. கட்டுக்கம்பி வைச்சுப் பாத்தன், கம்பி இறுகிப்போய் இழுக்க வருதில்லை.

கேள்வி நாலு:
1. கறளை எப்பிடி எடுக்கிறது?
2. ஈயம் எங்க எடுக்கிறது? பழைய பற்றரி உடைக்கலாம் எண்டு சொல்லுகினம். காணிக்குள்ள பொறுக்கின பழைய துவக்குச் சன்னங்களும் ஒரு பேணியில கிடக்கு.
3. ஆறடி வலைக்கு எத்தினை மணி வேணும்?
4. அதே பெட்டியில சின்னக் குறடு மாதிரி பித்தளை அச்சு ஒண்டும் இருக்கு, ஒரேயொரு உருண்டைக் குழி. அதையும் ஈயக்குண்டு வார்க்கப் பாவிக்கலாமோ?

பட்டறைக்காரன் (ஒட்டுசுட்டான்):

தம்பி, முதல்ல ரெண்டாவது கேள்வி, ஏனெண்டால் அதிலதான் உயிர் இருக்கு.

பேணியில கிடக்கிற சன்னங்களை அடுப்புக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். தோட்டாவில மருந்து இருந்தால் வெடிக்கும், அது எல்லாருக்கும் தெரியும். வெறும் தலைதானே எண்டு நினைக்கிறதிலதான் ஆபத்து. பாதை காட்டிச் செல்லுற சன்னத்தின்ர அடியில எரிமருந்து அடைச்சிருக்கும். தீமூட்டுற வகையில தலைக்குள்ளேயே மருந்து. மேல பூசின நிறம் மண்ணுக்குள்ள கிடந்து அழிஞ்சு போயிருக்கும், பாத்துப் பிரிக்க ஏலாது. இன்னும் கனதுக்கு நடுவில உருக்குத்தான் இருக்கு, எடுக்கிற ஈயமும் சொற்பம். பேணியைக் கிளறாமல், வேற இடத்துக்கு மாத்தாமல் கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கோ, 119 க்கு அடிச்சாலும் சரி. எங்கட பக்கத்துக் காணிகளில பொறுக்கின எந்த உலோகத்தையும், அது என்னெண்டு தெரியாட்டில், உருக்கக் கூடாது.

பற்றரியும் வேண்டாம். தட்டில கிடக்கிறதில பெரும்பங்கு ஈய ஒட்சைட்டும் சல்பேற்றும் கலந்த களி, உலோகமா வாறது சட்டம் மட்டுந்தான். அந்தக் களி காஞ்சு தூளாப் பறந்தால் முற்றத்து மண் முழுக்க ஈயம், பிள்ளையள் விளையாடுற இடம் அது. அமிலம் வேற. சட்டத்தில அந்திமனி, ஆசனிக், புதுப் பற்றரியெண்டால் கல்சியமும் கலந்திருக்கும். அந்தக் கழிவில ஈரம் பட்டால் நச்சு வாயு வரும். முழுப் பற்றரியாக் கடையில குடுத்துக் காசை வாங்குங்கோ, அந்தக் காசுக்கு ஈயம் வாங்கலாம்.

நல்ல ஈயம் எதில கிடைக்கும் எண்டால், டயர் கடையில கழட்டிப் போடுற வீல் பலன்ஸ் ஈயம், பழைய தொலைபேசிக் கேபிளின்ர உறை, கூரையில அடிச்ச ஈயத்தகடு, கிழிஞ்ச வலையில கழட்டின பழைய மணி. வலையில கழட்டினதை வெயிலில போட்டு எடுத்தாலும் ஓட்டைக்குள்ள ஈரமும் உப்பும் நிக்கும், அதைப் பற்றி உருக்கிற இடத்தில கீழ வருது.

வீல் பலன்சில இப்ப நாகமும் (துத்தநாகம்) இரும்பும் கலந்து வருது. காந்தத்தில பிடிச்சால் இரும்பு தெரியும், ஆனால் ஈயத்திலயும் இரும்புக் கொழுக்கி இருக்கிறதால கொழுக்கியை விட்டுட்டு உடம்பில பிடிச்சுப் பாருங்கோ. நாகத்துக்கு நறுக்குக் குறடு போதும். ஈயம் எண்டால் வாய் இலேசா இறங்கும், நாகம் எண்டால் வழுக்கும். சீமெந்து நிலத்தில போட்டால் நாகம் கணீர் எண்டு கேக்கும், ஈயம் சத்தமில்லாமல் விழும்.

தப்பி உள்ள போனாலும் ஒரு பாதுகாப்பு இருக்கு. ஈயம் 327 பாகை செல்சியசில உருகும், நாகம் 419 பாகையில. சூட்டை 380 க்கு மேல விடாமல் உருக்கினால் நாகம் உருகாமல் மேல மிதக்கும், கொழுக்கியளோட சேத்து வழிச்சு எடுக்கலாம். விட்டுட்டு வேற வேலைக்குப் போய் சூடு கூடினால் நாகம் கரைஞ்சிடும். பிறகு மேல்மட்டம் கஞ்சி கட்டினமாதிரி தடிச்சு நிக்கும், எந்த அச்சையும் நிரப்பாது.

பித்தளைக் குறடு: அது குழல் வாயால வெடிமருந்து போட்டு இடிக்கிற பழைய துவக்குக்குக் குண்டு வார்க்கிற அச்சு. பழம்பொருளா எண்ணெய் பூசி வையுங்கோ, வார்க்க வேண்டாம். துவக்கு 1916 ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டத்துக்குள்ள வருது. மிருகத்துக்குப் பொறியாக் கட்டி வைக்கிற கட்டுத்துவக்கில காலை இழந்த ஆக்களும் செத்த யானையளும் எங்கட காட்டில எத்தினை எண்டு உங்களுக்குத் தெரியாததில்லை. தூண்டிலுக்கெண்டு வார்த்தாலும் அந்த உருண்டையில ஓட்டை இல்லை, கட்ட ஏலாது, வேலைக்கு உதவாது.

நாயாற்று வலை:

பட்டறை அண்ணை சொன்னதோட மூண்டாவது கேள்விக்குக் கணக்கு.

வலை அளவு எண்டு நான் சொல்லுறது நடுவில இருந்து அடிக்கயிறு வரைக்குமான நீளம். ஆறடி எண்டால் அடிச்சுற்று ஏறக்குறைய 37 அடி 8 அங்குலம், 452 அங்குலம். அடிக்கு ஒரு இறாத்தலில இருந்து ஒன்றரை இறாத்தல் எண்ட கணக்கில 6 முதல் 9 இறாத்தல், 2.7 முதல் 4 கிலோ வரைக்கும் ஈயம் வேணும். களப்பில ஓட்டம் இருக்கிற இடத்தில, ஆழத்தில வீசுறதெண்டால் 4 கிலோ. குளத்துக் கரையில, சேறும் பாசியும் உள்ள இடத்தில 3 கிலோ போதும். பாரம் கூடினால் அடிக்கயிறு சேத்துக்குள்ள புதைஞ்சு பாசியை அள்ளும், வலை மூடாது. குறைஞ்சால் வலை கீழ போறதுக்குள்ள திரளி மீன் கரையால வெளிக்கிட்டுடும்.

உங்கட மணி: 8 மில்லிமீற்றர் விட்டம், 20 நீளம், 3 மில்லிமீற்றர் ஓட்டை கழிச்சால் 0.86 கன சென்ரிமீற்றர் வரும். ஈயம் கன சென்ரிமீற்றருக்கு 11.34 கிராம், ஆகவே ஒரு மணி 9.8 கிராம். 4 கிலோவுக்கு 408 மணி. 452 அங்குலத்தில பங்கிட்டால் நடுவுக்கு நடு 28 மில்லிமீற்றர், மணிக்கும் மணிக்கும் இடையில 8 மில்லிமீற்றர் வெளி. இது நல்ல இடைவெளி, மணி மணியோட முட்டாது. 3 கிலோவெண்டால் 306 மணி, வெளி 17 மில்லிமீற்றர்.

அளவு தெரியாத அச்சை அளக்கிறதுக்கு: கம்பியை வைச்சு மூடி, ஊசிச் சிறிஞ்சால தண்ணி விட்டு நிரப்புங்கோ. ஒரு மில்லிலீற்றர் போனால் மணி 11.3 கிராம். அளந்த பிறகு அச்சைச் சுடாமல் வார்க்கக் கூடாது, அதை மறந்தால் கண் போகும்.

ஈயம் வாங்கேக்க 4 கிலோவுக்கு 5 கிலோ வாங்குங்கோ. கொழுக்கியும் கழிவும் அதில போயிடும். அச்சு வாயில மிஞ்சி நிக்கிற வாய்க்கட்டி திரும்ப உருகிறதால அது நட்டமில்லை.

பட்டறைக்காரன்:

இனி அச்சு. பழைய அச்சு எண்டதால வரி விழுறேல்லை. வரி விழுறதுக்கும் பாதியில நிக்கிறதுக்கும் ரெண்டு காரணந்தான்: அச்சு குளிர், அல்லது குழிக்குள்ள எண்ணெய்ப் பசை. உங்களுக்கு ரெண்டும் இருக்கும்போல.

கறளுக்கு அச்சை ஒரு இரவு மண்ணெண்ணெயில ஊறப் போடுங்கோ. பிறகு பித்தளைத் தும்பு உள்ள தூரிகையால குழியைச் சுற்றித் தேயுங்கோ. அரம், உப்புத்தாள், உருக்குத் தூரிகை ஒண்டும் படக் கூடாது, முக்கியமா ரெண்டு பாதியும் முட்டுற முகத்தில. அந்த முகத்தில மயிர் மொத்தத்துக்கு வெளி விழுந்தாலும் மணிக்கு ரெண்டு பக்கமும் செட்டை முளைக்கும், அந்தச் செட்டை வலையை அறுக்கும். மூடி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்கோ, கீற்று வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிஞ்சால் முதல்ல பழைய ஈயத் துணுக்கு ஒட்டியிருக்கோ எண்டு தேடுங்கோ. அச்சைச் சூடாக்கி, துணுக்கு இளகேக்க காஞ்ச மூங்கில் சீவலால தள்ளினால் போகும். உளி வைக்க வேண்டாம். குழிக்குள்ள கறள் அரிச்ச சின்னப் புள்ளியளைப் பற்றி யோசிக்காதேங்கோ, வலைமணிக்கு அது பிழையில்லை. ஆழமான பள்ளம் இருந்தால் மட்டும் மணி அதில கொழுவிக்கொண்டு விழாது.

மண்ணெண்ணெய்ப் பசை போகச் சவர்க்காரமும் சுடுதண்ணியும் போட்டுக் கழுவுங்கோ. கழுவினவுடன அடுப்புக்கு மேல பிடிச்சு முழுக்கக் காய வையுங்கோ, பிணைச்சலுக்குள்ளயும் தண்ணி நிக்கும். பிறகு குப்பி விளக்கின்ர சுவாலையில குழியளைக் காட்டி மெல்லிசாக் கரி பிடிக்க விடுங்கோ. கரி இருந்தால் ஈயம் ஓடும், மணியும் ஒட்டாது. தடிப்பாப் பிடிச்சால் மணி மெலியும், உதிர்ந்த கரி வார்ப்புக்குள்ள போகும். பிணைச்சல் ஆணிக்கு எண்ணெய் விடாமல் பென்சில் கரியைத் தேயுங்கோ. எண்ணெய் சூட்டில இளகிக் குழிக்குள்ள இறங்கும், பிறகு பழைய கதைதான்.

முட்டு முகத்தில குழியின்ர மேல் ஓரத்தில இருந்து வெளிக்குப் போற மெல்லிய கீறு இருக்கோ எண்டு பாருங்கோ. அது காத்து வெளியேற வைச்சது. பழைய அச்சில கறளும் கரியும் அதை அடைச்சிருக்கும். தையல் ஊசியால கிண்டினால் காணும். சில குழி மட்டும் எப்பவும் பாதியில நிண்டால் அதில கீறு அடைபட்டிருக்கு எண்டு அர்த்தம்.

கம்பிக்கு 3.2 மில்லிமீற்றர் வெல்டிங் குச்சி எடுத்து மேல் பூச்சைத் தட்டி நீக்கி, கழுவிக் காய வைச்சு, ஒரு முனை 3.1, மற்ற முனை 2.9 வாற மாதிரிச் சீராத் தேயுங்கோ. அந்தச் சிறு சரிவு இல்லாட்டில் கம்பி கழராது. நாகம் பூசின கம்பியில ஈயம் பிடிச்சுக்கொள்ளும், அதைப் பாவிக்க வேண்டாம். கம்பிக்கும் கரி காட்டுங்கோ. இன்னொண்டு, ஈயம் ஆறேக்க கம்பியை நெருக்கும். அதனால மணி இறுகின கையோட, அச்சைத் திறக்க முதல், குறட்டால கம்பியைத் திருகி இழுக்க வேணும். மணி ஆறும் வரைக்கும் காத்திருந்ததாலதான் உங்கட கட்டுக்கம்பி இறுகினது.

நாயாற்று வலை:

உருக்கிற விதத்தை நான் எழுதுறன்.

வார்ப்பிரும்புச் சட்டி அல்லது தடிச்ச உருக்குச் சட்டி. அலுமினியச் சட்டி சூட்டில பலம் இழக்கும், பாரத்தோட தூக்கேக்க கழண்டால் கால் போகும். 3 கிலோ ஈயம் எண்டது 265 மில்லிலீற்றர்தான், பெரிய சட்டி தேவையில்லை. அந்தச் சட்டியும் கரண்டியும் பிறகு குசினிக்குள்ள வரக் கூடாது.

இடம் வெளியில, மேல கூரையுள்ள கொட்டில். காத்து உங்களுக்குப் பக்கவாட்டில வர வேணும். சோளகக் காத்து இறுக்கி வீசிற நாளில அடுப்புச் சூடு நிலையா நிக்காது, மறைப்புக் கட்டுங்கோ. மாரியில ஒரு தூறல் தெரிஞ்சாலும் வேலையை நிப்பாட்டுங்கோ. உருகின ஈயத்துக்கு மேல விழுற துளி ஆவியாகிப் பறக்கும், அவ்வளவுதான். ஆனால் ஈயத்துக்குக் கீழ அகப்பட்ட ஒரு துளி ஆயிரத்தி எழுநூறு மடங்கா விரிஞ்சு சட்டி முழுவதையும் மேல எறியும். பழைய மணியின்ர ஓட்டைக்குள்ள நிக்கிற ஈரம் அதைத்தான் செய்யும். அதால பழைய மணி, கேபிள் உறை எல்லாத்தையும் குளிர்ந்த சட்டியில போட்டு ஆரம்பத்தில இருந்தே சேத்துச் சூடாக்குங்கோ. உருகின பிறகு சேக்கிறதெண்டால் சட்டி விளிம்பில வைச்சு நல்லாக் காய விட்டுட்டு மெல்ல இறக்குங்கோ. கரண்டியும் அப்பிடித்தான்.

உருகினதும் கொட்டைப்பாக்கு அளவு தேன்மெழுகு போடுங்கோ. எங்கட காட்டுத்தேன் பிழிஞ்ச மெழுகு நல்லது, மெழுகுதிரித் துண்டும் போதும். புகை வரும், தீக்குச்சியால பத்தவைச்சால் புகை அடங்கும். எரியேக்க அடி வரைக்கும் கிளறிச் சுவரையும் சுரண்டுங்கோ. சாம்பல்மாதிரி மேல வாறதை வழிச்சு மூடியுள்ள பேணியில போடுங்கோ. அதுக்குள்ள ஈயத்தூள் இருக்கு, கிணத்தடியிலயோ தோட்டத்திலயோ கொட்ட வேண்டாம்.

நாகத்தை வழிச்சு எடுத்த பிறகு வார்க்கிற சூடு 360 முதல் 400 பாகை. மல்ரிமீற்றரோட வாற வெப்பக்கம்பி இருந்தால் அதால அளக்கலாம். தூர இருந்து ஒளியால அளக்கிற கருவி மினுங்கிற ஈயத்தில குறைச்சுக் காட்டும், நம்ப வேண்டாம். கருவி இல்லாட்டில் காஞ்ச செய்தித்தாள் துண்டை மேல்மட்டத்தில தொடுங்கோ. கபில நிறமாகினால் சரி, உடனே பத்தினால் சூடு கூட. சுத்த ஈயத்தின்ர மேல தங்கம், நீலம், ஊதா எண்டு நிறப்படலம் ஓடினாலும் சூடு கூடிப்போச்சு எண்டு எடுங்கோ.

அச்சையும் சட்டிக்குப் பக்கத்தில வைச்சுச் சூடாக்குங்கோ. முதல் நாலைஞ்சு வார்ப்பு சுருங்கித்தான் வரும், எல்லாம் திரும்பச் சட்டிக்கு. பிறகு அச்சு சூட்டைப் பிடிச்சதும் மினுக்கமான மணி வரும். இடையில தேத்தண்ணி குடிக்கப் போனால் திரும்ப முதலில இருந்து.

வார்க்கேக்க நூல் மாதிரி இழுத்து விட வேண்டாம், தடிச்ச ஒரே ஓட்டமா விடுங்கோ. ஈயம் உறையேக்க சுருங்கும், அந்தப் பள்ளத்தை நிரப்ப வாயில மேலதிகமா ஒரு கட்டி நிக்க வேணும். அந்த வாய்க்கட்டி மினுக்கம் போய் மங்கும் வரைக்கும் பொறுத்து, கம்பியைத் திருகி எடுத்து, அச்சைத் திறவுங்கோ. காஞ்ச மணல் தட்டில மணியை விழுத்துங்கோ. தண்ணி வாளி அந்தப் பக்கமே வரக் கூடாது.

வேலிக்கரை:

கையுறை தோலில, கண்ணாடி முழுக் கண்ணும் மூடுறது, நீளக் காற்சட்டை, சப்பாத்து. செருப்போட வேண்டாம், நைலோன் உடுப்பும் வேண்டாம். இதெல்லாம் சூட்டுக்கு.

ஈயம் உடம்புக்குள்ள போறது கூடுதலாக் கையாலதான். வேலை முடியும் வரைக்கும் வெத்திலை, பீடி, தேத்தண்ணி ஒண்டும் கிட்டவும் வேண்டாம். சவர்க்காரம் போட்டுக் கை, முகம் கழுவி, உடுப்பை மாத்தி, அந்த உடுப்பைத் தனியாத் தோய்க்க வேணும். துணி முகமூடி ஈயத் தூசியை மறிக்காது. கர்ப்பிணியளும் சின்னப் பிள்ளையளும் அந்தக் கொட்டிலுக்கு வரவே கூடாது. பிள்ளையளின்ர மூளையைத்தான் ஈயம் முதல்ல தாக்கும், பாதுகாப்பான அளவு எண்டு ஒண்டு இல்லை. மணி கோக்கிற வேலையைப் பிள்ளையளிட்டக் குடுக்கிற வழக்கம் எங்கட பக்கத்தில இருக்கு, தயவுசெய்து அதை விடுங்கோ. பல்லால மணியைக் கடிச்சு இறுக்கிறதையும் விடுங்கோ.

குளக்கட்டு:

எல்லாருக்கும் நன்றி. பேணியைப் பற்றி கிராம சேவகருக்குச் சொல்லியாச்சு. பித்தளைக் குறட்டைத் துடைச்சுப் பெட்டியில வைச்சிட்டன். அச்சைச் சொன்னபடி கழுவிச் சுட்டு, கேபிள் உறை ஈயத்தில வார்த்தால் மணி முழுசா வருது. இப்ப ரெண்டு பிரச்சினை. கன நேரம் வார்த்த பிறகு மணி மினுக்கமில்லாமல் மா பூசினமாதிரி வெள்ளையா இருக்கு. சிலதில வாய்ப்பக்கம் ஒரு பள்ளம்.

பட்டறைக்காரன்:

வெள்ளையா வாறது அச்சு கூடச் சூடாகினதால. வலைக்குப் பிழையில்லை, ஆனால் உறைய நேரம் எடுக்கும், அதுக்குள்ள திறந்தால் மணி கிழியும். திறந்தபடி ரெண்டு நிமிசம் விடுங்கோ. ஈரத்துணியில ஒத்த வேண்டாம், இரும்பு அச்சு நெளியும்.

வாய்ப் பள்ளம் வாய்க்கட்டி காணாததால. இன்னும் கொஞ்சம் மேலதிகமா விட்டு, கரண்டியை உடனே எடுக்காமல் ஒரு விநாடி வாயிலேயே பிடியுங்கோ. வாய்க்கட்டி முதல்ல உறைஞ்சால் மணி குடிக்க ஈயம் இருக்காது.

கேபிள் உறை அனேகமாச் சுத்த ஈயந்தான், மெத்து. களப்புக்கும் சேத்துக் குளத்துக்கும் அது நல்லது. கல்லுள்ள வாய்க்கால் பக்கம் வீசுறதெண்டால் அடிபட்டு ஓட்டை நசியும், வீல் பலன்ஸ் ஈயத்தைப் பாதிக்குப் பாதி கலவுங்கோ. அதில உள்ள அந்திமனி மணியை இறுக்கும், அச்சையும் நல்லா நிரப்பும்.

நாயாற்று வலை:

கோக்க முதல் ஒண்டு. வாய்க்கட்டியைக் குறட்டால நறுக்கின இடத்திலயும் ஓட்டையின்ர ரெண்டு முனையிலயும் கூரான விளிம்பு நிக்கும். கண்ணுக்குத் தெரியாது, நகத்தால தடவினால் பிடிபடும். 5 மில்லிமீற்றர் துளைக் கம்பியைக் கையால பிடிச்சு ஒவ்வொரு முனையிலயும் ரெண்டு தரம் திருகுங்கோ, இயந்திரத்தில பூட்ட வேண்டாம். இதைச் செய்யாமல் கோத்த வலையில அடிக்கயிறு மணிக்குள்ளேயே அறுந்து, வீசேக்கதான் தெரிய வரும். சீவல் தூள் பழைய தாளில விழட்டும், கூட்டி அள்ள வேண்டாம், தாளோட மடிச்சுக் கழிவுப் பேணிக்குள்ள போடுங்கோ. 3 மில்லிமீற்றர் ஓட்டைக்கு 2.5 மில்லிமீற்றர் நைலோன் கயிறு சரியாப் போகும்.